பெயர்க் கட்டம்

ஜூன் 4

இன்குபேட்டரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டையில் என் பெயர்தான் இருக்கிறது. என் பெயர், அதை அடுத்து "குழந்தை", பெண், 1,140 கிராம். கணுக்காலில் சுற்றியிருக்கும் பட்டையிலும் இதுவேதான். பிறப்புப் பதிவுக்கான படிவத்தை எடுத்து வந்த பெண், பெயர் முடிவாகிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். அவசரமில்லை, கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று கனிவாகத்தான் சொன்னார். நான் அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஜூன் 5

அத்தை சொல்வது யாழ்மொழி. என் கணவர் சொல்வது யாழ். இருவரும் என்னைப் பார்க்கிறார்கள்.

ஜூன் 7

இன்று முழுவதும் இதைத்தான் பேசினோம். வேறு எதைப் பற்றியும் பேசத் துணிவில்லாததால் இதைப் பேசினோம் என்றும் சொல்லலாம். அவருடைய வாதம் எளிமையானது. எப்படியும் எல்லோரும் யாழ் என்றுதான் அழைக்கப் போகிறோம், அப்படியிருக்க வீட்டில் ஒருத்தியாகவும் சான்றிதழில் இன்னொருத்தியாகவும் அவள் ஏன் இருக்க வேண்டும், அழைக்கிற பெயரையே பதிந்துவிட்டால் என்ன என்கிறார். அவருடைய சொந்த அனுபவம் அதன் பின்னால் இருக்கிறது. பள்ளியில் சேர்ந்த முதல் வாரம், வருகைப் பதிவில் தம் முழுப்பெயரைப் படித்தபோது அது தம்மைத்தான் குறிக்கிறது என்று தெரியாமல் பேசாமல் உட்கார்ந்திருந்தாராம். வந்த பிள்ளைக்கு வரவில்லை என்று குறித்துவிட்டார்கள். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறுகிறது.

அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீண்ட பெயரை அவள் விரும்பினால் சுருக்கிக்கொள்வாள், சுருங்கிய பெயரை நீட்ட முடியுமா என்று கேட்டார். பிறகு காமராஜரைச் சொன்னார். 1903இல் பிறந்த பிள்ளைக்குக் குலதெய்வத்தின் பெயரான காமாட்சியைத்தான் வைத்தார்கள். தாய் சிவகாமி அம்மாள் ஆசையாக ராஜா என்றே அழைத்து வந்தார். இரண்டும் சேர்ந்துதான் காமராஜ் ஆயிற்று. முறையான பெயரை வைத்தவர்களும் தோற்கவில்லை, செல்லமாக அழைத்தவரும் தோற்கவில்லை என்றார். அத்தை இவ்வளவு தொடர்ச்சியாகப் பேசி நான் கேட்டதில்லை.

நான் எந்தப் பக்கமும் சாயவில்லை. இரண்டில் எந்தப் பெயரையும் அந்தக் கண்ணாடிப் பெட்டியின் அருகில் நின்று நான் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை என்பது அவர்கள் இருவருக்கும் தெரியாது.

ஜூன் 8

1,095. முதல் வாரத்தில் எடை குறைவது இயல்புதான் என்கிறார்கள்.

ஜூன் 10

மூன்றாவது இன்குபேட்டரில் இருக்கும் ஆண் குழந்தையின் தாய்க்கும் என் பெயரேதான். இன்று இரு அட்டைகளிலும் சிவப்பு ஒட்டுப்படம் ஒட்டியிருக்கிறார்கள். ஒரே பெயர், கவனம் என்பதற்கான அடையாளம் அது. சிஸ்டர் மருந்து எடுக்கும்போது பட்டையிலுள்ள எண்ணை வாய்விட்டுப் படித்து, அட்டையிலுள்ள எண்ணுடன் ஒப்பிட்டு, மீண்டும் ஒருமுறை படிக்கிறார். அவர்கள் மிகுந்த கவனத்துடன்தான் இருக்கிறார்கள். இருந்தாலும் அந்த எண்ணை நானும் மனப்பாடம் செய்துகொண்டேன்.

இரவில் என் கணவர் தேடிப் படித்து எனக்கு ஒரு செய்தியை அனுப்பியிருந்தார். நியூயார்க்கின் மான்டிஃபியோர் மருத்துவமனையில், பச்சிளம் குழந்தைகளை வெறுமனே "ஆண் குழந்தை", "பெண் குழந்தை" என்று பதிவதை விட்டுவிட்டு, தாயின் பெயரையும் சேர்த்து ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்த தற்காலிகப் பெயர் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு குழந்தைக்கு எழுத வேண்டிய மருத்துவக் குறிப்பை இன்னொரு குழந்தைக்கு எழுதிவிட்டுத் திருத்தும் நிகழ்வுகள் 36 சதவீதம் குறைந்தனவாம். 2015இல் அந்த ஆய்வு வெளியாகியிருக்கிறது. எங்கள் அறையில் தாயின் பெயரும் போதவில்லை. அவளுக்கென்று ஒரு பெயர் இருந்தால் இந்தச் சிவப்பு ஒட்டுப்படமே தேவைப்பட்டிருக்காது. இப்படி நினைத்த அடுத்த நொடியே, பெயர் வைத்தபின் ஏதாவது ஆகிவிட்டால் என்ற எண்ணம் வந்து நிற்கிறது. பெயரில்லாத குழந்தையை இழப்பதைவிடப் பெயருள்ள குழந்தையை இழப்பது கடினம் என்று யாரும் சொல்லவில்லை. என் மனம் தானாகவே அப்படி ஒரு கணக்கைப் போட்டு வைத்திருக்கிறது, அதை அழிக்க எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 11

இரவுப் பணியில் இருக்கும் சிஸ்டர் அவளைச் சிட்டு என்று அழைக்கிறார். "சிட்டு, கொஞ்சம் காலைக் காட்டு பார்ப்போம்" என்று சொல்லிக்கொண்டே உணர்கருவியை வலது பாதத்திலிருந்து இடது பாதத்துக்கு மாற்றினார். பகலில் வருபவர்களும் அப்படியே அழைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. அன்பாகத்தான் அழைக்கிறார்கள், எனக்குத் தெரிகிறது. ஆனால் அவள் இப்போது இருக்கும் அளவுக்கு வைத்த பெயர் அது. அந்தப் பெயர் நிலைத்துவிட்டால் அவளும் அந்த அளவிலேயே நின்றுவிடுவாளோ என்று அஞ்சுகிறேன். பகுத்தறிவுக்கு ஒவ்வாத அச்சம்தான். இந்த அறையில் பகுத்தறிவு எனக்கு நாளில் சில மணி நேரம் மட்டுமே வாய்க்கிறது.

ஜூன் 13

இரத்தப் பரிசோதனை. தொற்று இருக்கலாம் என்கிறார்கள். பெயர் பற்றி யாரும் பேசவில்லை.

ஜூன் 14

காத்திருக்கிறோம்.

ஜூன் 15

இன்று அதிகாலையில் எச்சரிக்கை ஒலி எழுந்தபோது நான் அருகில் இருந்தேன். திரையில் எண் கீழே போய்க்கொண்டிருந்தது. சிஸ்டர் ஓடிவந்து உள்ளே கைவிட்டு உள்ளங்காலைத் தட்டினார், முதுகை வருடினார், "சிட்டு, சிட்டு, மூச்சு விடும்மா" என்றார். நானும் எதையாவது சொல்லி அழைக்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். என்ன சொல்லி அழைப்பது? யாழ்மொழி என்று இதுவரை அழைத்ததில்லை, யாழ் என்றும் அழைத்ததில்லை, அந்த நொடியில் எனக்கு இருந்தது சிட்டு மட்டும்தான். அழைத்தேன். எண் மேலே ஏறியது. தட்டியதால்தான் ஏறியது. இருந்தாலும் அழைத்தேன்.

இனி யார் அப்படி அழைத்தாலும் எனக்கு வருத்தமில்லை.

ஜூன் 17

தொற்று இல்லை. மூச்சுக்காக வைத்திருந்த குழாயை எடுத்துவிட்டார்கள். அழுதாள். முதன்முறையாக அவள் குரலைக் கேட்டேன்.

ஜூன் 19

அவளை என் நெஞ்சோடு சேர்த்துப் படுக்க வைத்தார்கள். தோலோடு தோல் படும்படி, மேலே ஒரு போர்வை. கைக்குட்டையின் கனம்கூட இல்லாதது போல முதலில் தோன்றியது. சிறிது நேரத்தில் நெஞ்சு முழுவதும் அவளாகவே இருந்தாள். காது கேட்கும், மெதுவாகப் பேசுங்கள் என்றார் சிஸ்டர். என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஆகவே அவளுக்காக வைத்திருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். யாழ் என்பது சொல்லி முடிப்பதற்குள் தீர்ந்துவிடுகிறது. யாழ்மொழி என்று சொல்லும்போது மூச்சு சற்று நீள்கிறது, உதடு குவிந்து கடைசியில் விரிகிறது. என் நெஞ்சின் அசைவு அவளுக்கும் தெரிந்திருக்கும். பலமுறை சொன்னேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். சொல்லக் கூடாது என்று நான் காத்து வைத்திருந்த அச்சம் என்ன ஆயிற்று என்று அறைக்குத் திரும்பிய பிறகுதான் நினைத்துப் பார்த்தேன்.

குழந்தைகள் தங்கள் பெயரின் ஒலியை மற்றச் சொற்களின் ஒலியிலிருந்து பிரித்து அறிவது ஏறத்தாழ நாலரை மாதத்தில் என்று 1995இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. குறைமாதத்தில் பிறந்தவர்களின் வளர்ச்சியைப் பிறக்க வேண்டியிருந்த நாளிலிருந்து கணக்கிட வேண்டும் என்கிறார் மருத்துவர். அப்படியானால் அவள் தன் பெயருக்குத் திரும்பிப் பார்க்க இன்னும் நெடுநாள் இருக்கிறது. ஆனால் அன்று அவள் திரும்பப் போவது சான்றிதழில் உள்ள பெயருக்கு அல்ல, நாங்கள் வாயால் அழைத்துப் பழக்கிய பெயருக்கு. அவருடைய வாதத்தில் உள்ள உண்மை இதுதான் என்று இப்போது புரிகிறது. வருகைப் பதிவில் அந்தச் சிறுவன் பேசாமல் இருந்ததற்குக் காரணம் பெயர் நீளமாக இருந்ததல்ல. அந்தப் பெயரை வீட்டில் ஒருவரும் ஒருநாளும் அவனிடம் சொல்லாததுதான்.

ஜூன் 20

1,210.

ஜூன் 22

நேற்று எழுதவில்லை, உறக்கம். இன்று அவர் புதிய சான்றுகளுடன் வந்தார். 1977இல் அமெரிக்க அதிபராகப் பதவியேற்றவர் ஜேம்ஸ் ஏர்ல் கார்ட்டர் என்ற முழுப்பெயரில் உறுதிமொழி எடுக்காமல் ஜிம்மி கார்ட்டர் என்றே எடுத்தார் என்றார். அழைக்கும் பெயரே ஓர் ஆளுக்குப் போதும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்றார். முழுப்பெயர் ஒன்று இருந்ததால்தானே அவரால் தேர்ந்தெடுக்க முடிந்தது என்றேன். அவர் யோசித்தார். கால்பந்து வீரர் பெலேயின் இயற்பெயர் எட்சன். பள்ளி நாட்களில் பிறர் வைத்த பட்டப்பெயர்தான் பெலே, தொடக்கத்தில் அவருக்கு அது பிடிக்கவேயில்லை. உலகம் அழைக்கும் பெயரை நம்மால் தடுக்க முடியாது, ஆனால் பிடிக்காத நாளில் அவள் திரும்பிச் செல்ல ஓர் எட்சன் அவளிடம் இருக்க வேண்டும் என்றேன். எனக்கே தெளிவாகாமல் இருந்தது அவரிடம் பேசும்போது தெளிந்தது.

அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. வெகுநேரம் கழித்து, "சரி, ஆனால் முதல் நாளிலிருந்தே அவளிடம் முழுப்பெயரையும் சொல்லி வளர்க்க வேண்டும், நாளுக்கு ஒருமுறையாவது" என்றார். குளிப்பாட்டும்போது சொல்லலாம் என்றேன். அவள் குளிப்பதைப் பற்றி, வீட்டைப் பற்றி, நாங்கள் இருவரும் இயல்பாகப் பேசியது இதுவே முதல்முறை.

ஜூன் 23

அத்தையிடம் சொன்னோம். அத்தை ஒன்றும் சொல்லாமல் என் தலையைத் தடவினார். பிறகு, நான் சிட்டு என்றே கூப்பிடப் போகிறேன் என்றார்.

ஜூன் 24

படிவம் என் மடியில் இருக்கிறது. தமிழில் எழுதிவிட்டேன்: யாழ்மொழி. அழைக்கும் பெயருக்கென்று தனிக் கட்டம் ஏதுமில்லை, இருக்கவும் வேண்டியதில்லை. ஆங்கிலத்தில்தான் சிக்கல். ழகரம் இரண்டு முறை வருகிறது. இசட், எச் போட்டு எழுதினால் நம்மவர்கள் சரியாகப் படிப்பார்கள், பிறர் தடுமாறுவார்கள். எல் போட்டால் எல்லோரும் தவறாகவே படிப்பார்கள், பிறகு அவளே அப்படிச் சொல்லத் தொடங்கிவிடுவாள். முதல் எழுத்துக்கு அடுத்து ஒரு ஏ போதுமா, இரண்டு வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் பெயருக்கு 39 இடங்கள் இருப்பதாகத் தம்பி சொன்னான், ஆகவே இடத்துக்குப் பஞ்சமில்லை. எழுத்து மாறினால்தான் தொல்லை. இங்கு ஒருவிதமாகவும் பள்ளியில் வேறுவிதமாகவும் எழுதிவிட்டால், இரண்டும் ஒருத்திதான் என்று அவள் வாழ்நாள் முழுவதும் மெய்ப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

ஒரே ஏ, இரு இடங்களிலும் இசட், எச். ஒன்பது எழுத்துகள். ஒரு தாளில் எழுதி அவருக்கும் தம்பிக்கும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

ஜூன் 25

அட்டையை மாற்றித் தரும்படி கேட்டேன். பதிவேட்டில் ஏறிய பிறகுதான் மாற்ற முடியும் என்றார்கள், எண் மட்டும் அதேதான் இருக்குமாம். படிவத்தைக் காலை பத்து மணிக்கு வாங்கிக்கொள்வார்கள். அதற்குள் அவர் வந்து கையெழுத்திட வேண்டும். எழுத்துகளை அவரும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கட்டும்.