மழைக்காலத் தோடி

டிசம்பர் 4

எனக்குப் பாட்டுச் சொல்லித்தரும் ரீச்சர் இன்றும் வாய் திறக்கவில்லை. திறக்கக் கூடாது, கிசுகிசுத்தால் தொண்டைக்கு இன்னும் கெடுதல் என்று சொல்லியிருக்கிறார்கள். கட்டிலருகே ஓர் ஒற்றை ரூல் கொப்பியும் பென்சிலும் இருக்கின்றன. நான் எழும்பும்போது எனக்கென்று ஒரு வரி எழுதிக் காட்டினார்: "தோடி ராகத்தை நிப்பாட்டாதே, கேள்." யாரைக் கேட்பது என்று எழுதவில்லை.

டிசம்பர் 5

பழைய சுரக் கொப்பிகளை எல்லாம் எடுத்து விரித்துப் பார்த்தேன். பதினொரு வருடத்துப் பாடம் அவற்றில் கிடக்கிறது. எங்கு பார்த்தாலும் காந்தாரச் சுரத்துக்கு "க" என்று ஒற்றை எழுத்துத்தான் இருக்கிறதே தவிர, அந்த எழுத்துக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை. இசை அறிஞர் சுப்பராம தீட்சிதர் 1904இலேயே, சுரத்தை அசைத்தும் இழைத்தும் பாடும் கமகங்களுக்குக் கம்பிதம், நொக்கு, ஜாரு என்று குறிகள் போட்டுச் சுரப்படுத்தினார். ஆனாலும் ஏற்கெனவே தோடியைக் கேட்ட காதுக்குத்தான் அந்தக் குறி பேசும். தோடிக்குரிய, 'சாதாரண காந்தாரம்' என்று பெயர்கொண்ட சுரத்தை ஆர்மோனியத்தில் அழுத்தினால் அது அசையாமல் நிற்கும். கூடவே மற்ற ஆறு சுரங்களையும் ஒழுங்காக வாசித்தாலும் சிந்துபைரவி ராகத்தின் வாசம் வருமே ஒழிய, தோடி வராது. இதுநாள்வரை நான் பாடியது, தெருவைக் கடக்கும் குழந்தை தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போவதைப் போல, ரீச்சரின் குரலைப் பிடித்துக்கொண்டு போன பாட்டு. அவர் பாடினால் என் தொண்டையிலும் காந்தாரம் இருந்தது. இப்போது தேடுகிறேன், காணவில்லை.

டிசம்பர் 7

பாடகிகள் பிருந்தாவும் முக்தாவும் சேர்ந்து பாடிய ஒலிப்பதிவு ஒன்றை மச்சாள் அனுப்பியிருந்தார். பழைய நாடாவிலிருந்து எடுத்தது. நாடா எந்த வேகத்தில் ஓடியதோ, சுருதி ஐந்து கட்டைக்கும் ஐந்தரைக் கட்டைக்கும் இடையில் எங்கேயோ நிற்கிறது. முதல் அரை மணித்தியாலம் சுருதிப் பெட்டியைத் திருகுவதிலேயே போயிற்று. அதன் பிறகு கேட்டதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. இரண்டு பேர் ஒரே காந்தாரத்தை அசைக்கிறார்கள்; ஒருவர் மேலே போகும்போது மற்றவரும் போகிறார், ஒருவர் திரும்பும் இடத்திலேயே மற்றவரும் திரும்புகிறார், இரண்டு அலைகளுக்கும் இடையில் ஒரு தலைமயிர் நுழையாது. வீணை தனம்மாளின் பேத்திகள். காஞ்சிபுரம் நாயனா பிள்ளையிடமும் கற்றவர்கள். அந்த வீட்டில் சின்ன வயதிலிருந்தே காதில் விழுந்ததுதான் அவர்களுக்குப் பாடமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு இப்போது முப்பத்தெட்டு வயது.

டிசம்பர் 8

காலையிலிருந்து மின்சாரம் இல்லை, போனில் 11 வீதம்தான் மிச்சம் இருக்கிறது, அதையும் காந்தாரத்துக்கே செலவழித்தேன்.

டிசம்பர் 11

வேகத்தைப் பாதியாகக் குறைத்தாலும் சுருதி மாறாமல் கேட்க முடியும் என்று தம்பி போனில் காட்டித் தந்தான். பாதி வேகத்தில் எல்லாம் வெளிச்சமாகத் தெரிந்தது. காந்தாரத்துக்குக் கீழே இருக்கும் ரிஷபத்துக்குச் சற்று மேலே கிளம்புகிறது, மேலே இருக்கும் மத்திமத்தைத் தொடுகிறது, இறங்குகிறது, மறுபடி தொடுகிறது. காந்தாரம் என்று நாம் பெயர் சொல்லும் இடத்தில் குரல் தங்குவதே இல்லை. அதைக் கடந்து போகிறது, கடந்து வருகிறது, இடையில் காந்தாரம் தானாகக் கேட்கிறது. மகிழ்ச்சியில் ஒரு தாளில் அலையைக் கோடாக வரைந்து, மேலே நான்கு, கீழே நான்கு என்று புள்ளி வைத்து, குசினிச் சுவரில் ஒட்டிவிட்டேன். அம்மா அது என்ன மழைவீழ்ச்சிக் கணக்கா என்று கேட்டார்.

டிசம்பர் 12

புள்ளிகளைப் பார்த்து நாற்பது தடவை பாடினேன், நாளைக்கு ஐம்பது.

டிசம்பர் 15

பாடிப் பதிந்ததை ரீச்சரிடம் கொண்டுபோனேன். கண்ணை மூடிக் கேட்டார். மூடிய கண்ணோடே பென்சிலைத் தேடி எடுத்து, "சுளகில் கல்லுப் பொறுக்கிற மாதிரி இருக்கு" என்று எழுதினார்.

வரும் வழியெல்லாம் கோபம். வீட்டில் அந்தப் பதிவை இன்னொரு முறை கேட்டபோது கோபத்துக்கு இடமில்லாமல் போயிற்று. பாதி வேகத்தில் கேட்டுக் கேட்டு, அலையின் ஒவ்வொரு முனையையும் நிற்க வேண்டிய இடமாக மனப்பாடம் செய்திருக்கிறேன். அதை முழு வேகத்துக்குக் கொண்டுவந்தபோது படிக்கட்டில் உருண்டு விழுவதைப்போல ரி-ம-ரி-ம என்று தட்டுகிறது. மெதுவாக்கிக் கேட்பது எங்கே போகிறது என்பதைக் காட்டும், எப்படிப் போகிறது என்பதைக் காட்டாது. சுவரில் இருந்த தாளைக் கிழித்தேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை.

டிசம்பர் 17

மார்கழி பிறந்ததும் கோயில் ஒலிபெருக்கிகள் விடிவதற்கு முன்பே எழும்பிவிட்டன. கேற்றடியில் இரண்டு புள்ளிமான்கள் நனைந்துகொண்டு வாழைத்தோலைத் தின்றன. எனக்குப் பாட மனமில்லை.

டிசம்பர் 20

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஒன்பது நாளாக வேறொரு பழைய கச்சேரிப் பதிவிலிருந்து ஒரு பிடியை, ராகத்தின் ஒரு சிறு துண்டை, பயின்று வந்தேன். மத்திமத்திலிருந்து வழுக்கி வந்து, காந்தாரத்தில் மூன்று சுழி சுழித்து, ரிஷபத்தில் மெல்லக் கரைகிற பிடி. அந்த மூன்றாவது சுழி மட்டும் எனக்கு வரவே இல்லை. மூச்சுப் போதாது, தொண்டை இறுகுகிறது, வயது போய்விட்டது என்றெல்லாம் எண்ணிக்கொண்டேன். இன்று மச்சாளின் நல்ல இயர்போனை வாங்கிக் கேட்டேன். பாடகர் இரண்டாவது சுழியிலேயே நிறுத்தி மூச்சு வாங்குகிறார். மூன்றாவது, பின்னால் தொடர்ந்து வரும் வயலினுடையது. வில்லில் வருவதைத் தொண்டையில் வரவழைக்கத்தான் ஒன்பது நாளாக மல்லுக்கட்டியிருக்கிறேன். அந்த வயலின்காரரைச் சொல்லிக் குற்றமில்லை, பாடகர் விட்ட இடம் தெரியாதபடி தொட்டு வாசிப்பதுதான் அவருடைய தொழில். தையல் வெளியே தெரியாதபடி தைத்திருக்கிறார். என் காதுதான் துணியையும் ஒட்டையும் பிரித்தறியவில்லை.

டிசம்பர் 21

வயலின் கதையை ரீச்சருக்குச் சொன்னேன். சத்தமில்லாமல், தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார், பிறகு பயந்து தொண்டையைப் பிடித்துக்கொண்டார்.

டிசம்பர் 27

ஒரு வாரமாகப் பாடவில்லை, கேட்க மட்டும் செய்தேன். பாடிக்கொண்டே கேட்டால் என் குரலைத்தான் கேட்கிறேன் என்பது இப்போதுதான் புரிந்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியையும் இந்த வாரம் சேர்த்துக்கொண்டேன். பெரிய பாடகர்களே நாகஸ்வரத்தைக் கேட்டு ஆலாபனையை விரித்துக்கொண்டவர்கள். செம்மங்குடி தம் பாட்டில் அந்தச் சாயல் இருப்பதை மறைத்தவரில்லை. அவர்களும் கேட்டுத்தான் எடுத்தார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

கேட்டதில் ஒன்று பிடிபட்டிருக்கிறது. மேலே ஏறப் போகிற காந்தாரமும் கீழே இறங்கப் போகிற காந்தாரமும் ஒன்றல்ல. ஏறப் போவது மத்திமத்தின் பக்கம் சாய்ந்து அசைகிறது. இறங்கப் போவது ரிஷபத்தின் மடியில் கிடந்து அசைகிறது. அடுத்த சுரம் எது என்று பாடுகிறவருக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. நான் காந்தாரத்துக்கு வந்த பிறகுதான் எங்கே போவதென்று யோசிக்கிறேன், யோசிக்கிற நேரத்தை அசைத்து நிரப்புகிறேன்.

டிசம்பர் 29

கண்ணாடி முன்னால் பாடிப் பார்த்தேன். தாடை ஆடுகிறது! ஆ என்று அகாரத்தில் பாடும்போது நாடிக்கு இரண்டு விரலை முட்டுக் கொடுத்துப் பிடித்தால் காந்தாரம் அசையவே இல்லை. அப்படியானால் இத்தனை வருடமும் தாடையால் அல்லவா கமகம் பாடியிருக்கிறேன்? ரீச்சர் இதைக் கண்டிருப்பார். ஏன் சொல்லவில்லை என்று கேட்க வேண்டும். அல்லது சொல்லியிருந்து எனக்குத்தான் கேட்கவில்லையா?

ஜனவரி 2

மழை விட்ட இடைவெளியில் டச்சுக் குடாப் பக்கம் நடந்தேன். கடல் இன்னும் அடங்கவில்லை, வாடைக் காற்றில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அது நல்லதாகப் போயிற்று. காதை நம்ப முடியாத இடத்தில் நாடியில் விரலை வைத்துக்கொண்டு பாடினேன். தாடை அசையாமல், கழுத்துக்குள்ளே மட்டும் ஏதோ ஒன்று மெல்ல ஏறி இறங்கியது. வந்தது காந்தாரம்தானா என்று கடலுக்கு மட்டுமே தெரியும். மீன் வலை திருத்திக்கொண்டிருந்த ஐயா ஒருவர், "பிள்ளை, தொண்டை நோவா?" என்று கேட்டார்.

ஜனவரி 4

உவர்மலை வீட்டுக்கு ரீச்சரைக் கொண்டுவந்துவிட்டார்கள். இன்று பதிவு ஏதும் கொண்டுபோகவில்லை, நேரே பாடினேன். இரண்டாவது பிடியில் என் மணிக்கட்டை எடுத்துத் தன் மடியில் வைத்து, சுட்டுவிரல் நுனியால் தோலில் எழுதத் தொடங்கினார். நாலும் நாலும் எட்டுப் புள்ளி அல்ல. ஒன்று நீளம், ஒன்று குறுக்கம், ஒன்று தொட்டும் தொடாமலும், பிறகு விரல் எங்கோ நின்று காத்திருந்தது, அங்கே நானும் காத்திருந்தேன். சரியா என்று கேட்டேன். கொப்பியை எடுத்தார். நாளை மறுநாள் எட்டு மணிக்கு வா, சுருதிப் பெட்டி வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். தாடையைப் பற்றிக் கேட்க மறந்துபோனேன்.

ஜனவரி 6

ஏழு மணியிலிருந்து கொட்டுகிறது, சந்தியில் ஓர் ஓட்டோவும் இல்லை, குடையோடு நடக்கப் போகிறேன்.