எட்டா, எட்டு ஏயா?

நம் உடலின் கலங்களுக்கு வெளியே இருக்கும் கல்சியம், உள்ளே கட்டின்றி மிதக்கும் கல்சியத்தைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு அதிகம். கல மென்சவ்வில் உள்ள கல்சியம் கால்வாய் ஒரு கணம் திறந்தாலே போதும், கல்சியம் உள்ளே பாயும். இதயத் தசை சுருங்குவதும், ஒரு நரம்புக்கலம் அடுத்ததற்குச் செய்தி சொல்வதும் அந்தப் பாய்ச்சலால்தான். கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் நான் பார்த்துக்கொண்டிருப்பது இந்தக் கால்வாய்களில் ஒன்றின் ஜீனை. பெயர் சி.ஏ.சி.என்.ஏ.1.சி.

ஜீனிலிருந்து எடுக்கப்படும் ஆர்.என்.ஏ. பிரதியில் வேண்டாத துண்டுகளைக் கலம் வெட்டி எறிந்து, எக்ஸோன்கள் என்ற மற்றத் துண்டுகளை ஒட்டுகிறது. இது 1977இல் தெரியவந்தது. எல்லாக் கலமும் ஒரே மாதிரி ஒட்டுவதில்லை. எங்கள் ஜீனில் எக்ஸோன் 8, எக்ஸோன் 8ஏ என்று இரண்டு உண்டு. ஒரு பிரதியில் இரண்டில் ஒன்றுதான் வரும். எந்தக் கலம் எதை எவ்வளவு எடுக்கிறது என்பதே என் வேலை.

துண்டுகளை நீளவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு நீளத்தையும் ஒரு கோடாக, அதாவது பேண்டாக, காட்டுவது ஜெல். புதிதாக வந்த தங்கை ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, எல்லாத்திலயும் ஒரே பேண்ட்தானே இருக்கு?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. இரண்டு எக்ஸோனும் ஒரே நீளம். பி.சி.ஆர். செய்து அந்தத் துண்டைப் பல மடங்கு பெருக்கினாலும் ஜெல்லில் ஒன்றாகவே ஓடும். அதனால் ஒன்றை மட்டும் வெட்டும் நொதியம் ஒன்றைச் சேர்க்கிறோம். அப்புறம்தான் பேண்டுகள் பிரிந்து, எது எவ்வளவு என்று தெரியும். அந்தப் பிரிவை முதன்முதல் பார்க்கும் மாணவர் முகத்தில் வரும் வெளிச்சம் எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

ஆர்.என்.ஏ. மிகவும் சீக்கிரம் சிதையும் பொருள். நம் தோலில் இருக்கும் நொதியமே அதைத் தின்றுவிடும். கையுறை போடாமல் மேசையைத் தொட்டால் நான் சத்தம் போடுவேன். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு போனபோது, மைனஸ் 80 பாகை ஃபிரீசரைப் பற்றித்தான் எல்லோருக்கும் கவலை. ஜெனரேட்டருக்கு டீசல் கிடைக்குமா என்பதும் ஆராய்ச்சியின் ஒரு பகுதியாகிவிட்டது. அந்த நாட்களில் மாதிரிகளைக் காத்தவர்களில் பாதிப்பேர் விஞ்ஞானிகள் அல்ல, ஊழியர்கள். அவர்கள் பெயர் கட்டுரைகளில் வருவதில்லை, வரவேண்டும் என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் யாருக்கு? என் அம்மாவின் கிளினிக் கொப்பியில் அம்லோடிபின் இருக்கிறது. பிரஷருக்குக் கொடுக்கும் அந்த மாத்திரை அடைப்பது இதே கால்வாயைத்தான். ஆனால் இதயத்தைவிடக் குருதிக்குழாய்களில்தான் அதன் பிடி அதிகம். குருதிக்குழாய்க் கலங்கள் எக்ஸோன்களை வேறு மாதிரி ஒட்டுவது அதற்கு ஒரு காரணம். அவற்றின் மென்சவ்வு மின்னழுத்தம் இன்னொன்று.

மறுபக்கம் திமோதி சிண்ட்ரோம். எக்ஸோன் 8ஏயில் ஓர் எழுத்து மாறினாலே கால்வாய் நேரத்துக்கு மூடாமல் போகிறது, 2004இல் கண்டறிந்தார்கள். விரல்கள் ஒட்டிப் பிறக்கலாம், ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளி (ஒரு துடிப்பில் இதயத்தின் கீழறைகள் மின்னளவில் தூண்டப்பட்டு மீள எடுக்கும் நேரம்) நீளும், ஓட்டிசமும் வரலாம். மிக அரிய நோய். 2024இல் ஸ்டான்போர்ட் குழு ஒன்று, கலம் 8ஏயை விட்டு 8ஐ எடுக்கும்படி திருப்பும் ஒரு குறுகிய நியூக்கிளிக் அமில இழையை உருவாக்கி, எலி மூளையில் பொருத்திய மனித நரம்புக்கலங்களில் பலனைக் காட்டியது. மனிதர்களுக்கு இன்னும் மருந்தாகவில்லை. ஆனாலும் அதை வாசித்த அன்று நான் வேலையை நிறுத்திவிட்டு எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன்.

அதே மாற்றம் எக்ஸோன் 8இலும் வரும் என்று 2005இல் தெரிந்தது. ஆகவே ஒட்டிய விரலும் நீண்ட க்யூ.டி.யும் உள்ள குழந்தைக்கு ஜீன் பரிசோதனை எழுதும் டொக்டர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இரண்டு எக்ஸோனையும் பார்க்கச் சொல்லுங்கள்.