சீருடையில் அப்பா பெயர்

அமெரிக்கப் படையில் எட்டு வருடம் இருந்துவிட்டு, 36 வயதில் பெரிய பல்கலைக்கழகத்துக்கு இளங்கலை விண்ணப்பம் போட உட்காரும் தருமபுரிக்காரரை முதலில் சுருக்கென்று குத்துவது வயதல்ல, "குடும்பப் பெயர்" என்ற கட்டம்.

நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாலக்கோட்டில் படித்த பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலில் "முருகன் மு" என்றிருக்கும். பாஸ்போர்ட்டுக்கு இனிஷியலை விரித்ததில் அப்பா முனுசாமி கடைசிப் பெயராகிவிடுவார். சீருடையின் மார்புப் பட்டையில் தைத்ததும் அவர் பெயர்தான். ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடாத மனிதரை, மைதானத்தில் சார்ஜென்ட் தினமும் கத்திக் கூப்பிடுவார். அதைக் கேட்டு முதல் மாதம் சிரிப்பு வரும், பிறகு அப்பா கூடவே நிற்பதுபோல் இருக்கும்.

சிக்கல் விண்ணப்பத்தில்தான். படைவிடுப்புச் சான்றான டிடி-214-இல் "முனுசாமி, முருகன்", பட்டியலில் "முருகன் மு". பார்ப்பவருக்கு இவர்கள் இரண்டு ஆட்கள், கோப்பு அப்படியே நின்றுவிடும். ஆகவே எதற்கும் முன்னால் நோட்டரியிடம் "இருவரும் ஒருவரே" என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் நகலோடு அதை, வெளிநாட்டுச் சான்றிதழை அமெரிக்க முறைக்கு மாற்றிச் சொல்லும் மதிப்பீட்டு நிறுவனத்துக்கு முதலிலேயே கொடுத்து, அறிக்கையில் இரண்டு பெயரையும் போடச் சொல்லுங்கள். பிறகு திருத்தக் கேட்டால் வாரக்கணக்கில் இழுக்கும், அதற்குள் கடைசித் தேதி போய்விடும்.

மதிப்பெண்ணை அமெரிக்க அளவுக்கு நீங்களே மாற்றிப் போடாதீர்கள். 2018 வரை பிளஸ் டூவுக்கு 1200. அதில் 900 வாங்கியவர் நம் ஊரில் நன்றாகப் படித்தவர். வெறும் 75 சதவீதம் என்று எழுதினால் இங்கே சுமார் மாணவராகத் தெரியும். அந்த வேறுபாட்டை மதிப்பீட்டு அறிக்கை சொல்லட்டும். அதைவிடப் பலம், பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரி) இப்போது இரண்டு மூன்று பாடம் எடுத்து வாங்கும் 'ஏ' கிரேடு. பதினெட்டு வருடப் பழைய பட்டியலைவிட அதைத்தான் நம்புவார்கள். பரிந்துரைக் கடிதத்துக்கும் அங்கே ஒரு பேராசிரியர் கிடைப்பார்.

வயது தடையில்லை. கொலம்பியாவின் ஜெனரல் ஸ்டடீஸ் 1947-இல் தொடங்கியது, இடைவெளி விட்டுப் படிக்க வருபவர்களுக்கே உரியது. யேலிலும் அப்படிப்பட்டவர்களுக்கு எலை விட்னி திட்டம் உண்டு. பிரின்ஸ்டன் 2018-இல் வேறு கல்லூரியிலிருந்து மாறி வருபவர்களுக்கான சேர்க்கையை மறுபடி திறந்தபோது படைவீரர்களையும் மனத்தில் வைத்தது. "பையன் பள்ளிக்கூடம் போறான், உனக்கென்னப்பா காலேஜு" என்று கிருஷ்ணகிரி மாமா போனில் கேட்பார். கேட்கட்டும்.

பணத்துக்கு, படைவீரர்களின் படிப்புச் செலவை அரசு ஏற்கும் போஸ்ட் 9/11 ஜிஐ பில் என்ற சட்டம். 36 மாதம் முழுநேரப் பணி முடித்து, நற்பெயரோடு விடுப்பு பெற்றிருந்தால் 100 சதவீதத் தகுதி, 36 மாதப் படிப்புக்கு வரும். தனியார் பல்கலைக்கழகத்துக்கு ஆண்டு உச்சவரம்பு உண்டு. மிச்சத்தை எல்லோ ரிப்பன் திட்டத்தில் பல்கலைக்கழகமும் அரசும் பங்கிடும். தொகையும் இடங்களும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும், சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். டிடி-214-இல் 'மெம்பர் 4' நகலை அனுப்புங்கள். சுருக்க நகலில் எப்படிப்பட்ட விடுப்பு என்பதே இருக்காது.

பட்டியல் தொலைந்திருந்தால் பழைய பள்ளியைத்தான் பிடிக்க வேண்டும். தலைமையாசிரியர் நாற்காலியில் உட்காரும் காலை பத்து மணி, குளிர்காலத்தில் நியூயார்க்கில் முந்தின இரவு பதினொன்றரை. தேர்வு எண், தேர்ச்சி பெற்ற மாதம், வருடம் எல்லாம் கையில் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். குளிர் பழகிவிட்டது, பனி தள்ளுவதும் பழகிவிட்டது என்று நினைத்திருப்போம். "இருப்பா, பதிவேட்டை எடுத்துட்டு வரேன்" என்று அவர் போனை மேசையில் வைத்ததும் பள்ளி மணி அடிக்கும். வெளியே ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டரின் சத்தம். அவர் திரும்பி வந்து கேட்பார்: "முருகன்னா, எந்த முருகன்? முனுசாமி மகனா?"