எழுதும்போது எதிரில் ஆள் இல்லை

"ஒரு புத்தகம் போட்டுடுங்க சார், இப்போ அதுதான் விசிட்டிங் கார்டு." வேலையில் இருப்பவர்களுக்கான கோச்சிங் தொழிலில் இருக்கிற யாரும் இதைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. பல வருஷம் கேட்டுக் கேட்டுக் கடைசியில் நானும் போட்டுவிட்டேன். தமிழில், முதல்முறையாகச் சூப்பர்வைசர் ஆகிறவர்களுக்காக. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலைகளில் ஷிப்ட் இன்சார்ஜ் ஆனவர்களோடுதான் என் வேலையில் பாதி நேரம் போகிறது. நேற்று வரை தோளில் கை போட்டு டீ குடித்தவனிடம் இன்றைக்கு "ஏன்டா லேட்டு?" என்று கேட்க வேண்டிய சங்கடத்தில் இருப்பவர்கள். தலைமைப் பண்பு பற்றி இவர்கள் கைக்கு வருவதில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கும், இல்லாவிட்டால் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எழுதப்பட்டதாக இருக்கும்.

எழுத உட்கார்ந்த பிறகுதான் இந்த வேலை என் தொழிலுக்கு நேர் எதிரானது என்று தெரிந்தது. கோச் பதில் சொல்லக் கூடாது, கேள்வி கேட்க வேண்டும். கோச்சிங் முன்னோடி ஜான் விட்மோர் பிரபலப்படுத்திய குரோ (GROW) மாடல்தான் எங்களுக்கு அரிச்சுவடி, நாலே கேள்வி: என்ன வேண்டும், இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழி இருக்கிறது, எதைச் செய்யப் போகிறீர்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குத்தான் எனக்குக் காசே கொடுக்கிறார்கள். எதிரில் இருப்பவர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினால் அடுத்த கேள்வி ஒன்று, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டால் வேறொன்று. கம்பெனி பஸ்ஸில் அரைத் தூக்கத்தில் படிக்கிறவரின் முகம் எனக்கு எங்கே தெரியப் போகிறது?

பதிப்பகத்தில் எனக்கு வாய்த்த எடிட்டர், ஓய்வுபெற்ற தமிழாசிரியை. "பொறுப்பைப் பகிர்ந்து கொடுக்கத் தெரிந்தவனே தலைவன்" என்று நான் பெருமையாக எழுதியிருந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரே சொல் எழுதியிருந்தார்: "எப்படி?" இரண்டு பக்கம் தள்ளி, "யார் சொன்னது?" அதற்கும் அப்புறம், "போன அத்தியாயத்தில் வேறு மாதிரி சொன்னீர்களே தம்பி." மற்றவர்களிடம் நான் கேட்டுப் பிழைக்கிற கேள்விகள் எல்லாம் அந்த ஓரத்தில் வரிசையாக எனக்காக நின்றன. அந்த "எப்படி?"க்காக அத்தியாயத்தையே பிரித்துப் போட்டு எழுதினேன். கடைசியில் நின்றது, ஓர் இன்சார்ஜ் தன் ஆளிடம் வாயால் சொல்லக்கூடிய பேச்சு: "இந்த மெஷின் செட்டிங் இனிமே உங்க பொறுப்பு. நடுவுல வந்து நான் கை வைக்க மாட்டேன். வியாழக்கிழமை எந்த அளவுல இருக்குன்னு மட்டும் சொல்லுங்க." படித்தவர்கள் அதிகம் பேசுவது அந்தப் பக்கத்தைப் பற்றித்தான். தலைவன், தலைமை என்று முழங்கிய பக்கங்களை யாரும் சீண்டவில்லை.

அதைவிடச் சிக்கலானது ரகசியம். அறைக்குள் பேசியது வெளியே போகக் கூடாது. 1995இல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பான ஐ.சி.எஃப்.பின் நெறிமுறையில் அழுத்தமாகச் சொல்லப்படுவது இது. ஆனால் நிஜச் சம்பவம் இல்லாமல் இந்த மாதிரிப் புத்தகம் வெறும் உபதேசமாகிவிடும். ஊரை மாற்றலாம், துறையை மாற்றலாம், ஆணைப் பெண்ணாக்கலாம். ஆனால் சம்பவத்துக்கு உயிர் கொடுக்கிற அந்த ஒரு சின்ன விவரம் இருக்கிறதே, ஆளைக் காட்டிக் கொடுப்பதும் அதுதான். சம்பந்தப்பட்டவர்களிடம் எழுதியதைக் காட்டி, சரி என்றதை மட்டும் வைத்துக்கொண்டேன். தன் மேனேஜரோடு பேசாமலே வருஷக்கணக்கில் வேலை பார்த்த ஒருவரின் கதைதான் இருந்ததிலேயே சிறந்தது. அவர் "வேண்டாம் சார்" என்றார். எடுத்துவிட்டேன். வேடிக்கை என்னவென்றால், புத்தகம் வந்த பிறகு "நாலாவது அத்தியாயத்தில் வருவது நான்தானே?" என்று போன் செய்த ஒருவரும் அந்த அத்தியாயத்தில் இல்லை.

நீளத்துக்கு ஒரு முடிவு கட்டியது அச்சகம். 16 பக்கம் ஒரு பாரம், 160 பக்கம் என்றால் பத்துப் பாரம். எனக்கு அதைத் தாண்டிச் சில பக்கங்கள் வழிந்தன. அரைகுறைப் பாரத்துக்குச் செலவு கூடும் என்றார்கள். வெட்டப் போனது, நான் எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்கிற அத்தியாயம். இரண்டு நாள் வலித்தது, அப்புறம் இல்லை. காசைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விலை 200 ரூபாய், ராயல்டி பத்து சதவீதம். ஆயிரம் பிரதியும் விற்றால் 20,000 ரூபாய். ஒரு நாள் பயிற்சி வகுப்பில் அதைவிடக் கூடுதலாக வரும். சொந்தமாகப் போட நினைப்பவர்களுக்கு இன்னொன்று: ஒவ்வொரு புத்தகத்துக்கும் தரப்படும் ஐ.எஸ்.பி.என். என்கிற அடையாள எண்ணுக்கு இந்தியாவில் கட்டணம் கிடையாது, ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத்தான் தருகிறது. புத்தகம் போட்டுத் தருகிறோம் என்று பேக்கேஜ் விற்கிறவர்கள் அதற்கும் ஒரு தொகை போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள்.

ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சியில் ஸ்டாலுக்குள் நின்றேன். அரங்கத்தில் மேடையேறிக் கைதட்டு வாங்குகிறவனுக்கு அங்கே நிற்பது நல்ல மருந்து. புத்தகத்தை எடுக்கிறார்கள், பின்னட்டையைப் படிக்கிறார்கள், எழுதியவன் பக்கத்தில் நிற்பது தெரியாமல் "பத்து பர்சென்ட்தான் கழிவா?" என்று கேட்டுவிட்டுக் கீழே வைக்கிறார்கள். பதில் சொல்லி மடக்குகிற ஆசை முதலில் வந்தது. சாயங்காலத்துக்குள் அது போய், எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள், எங்கே நிறுத்தினார்கள் என்று பார்க்க ஆரம்பித்திருந்தேன்.

என் வேலையும் கொஞ்சம் மாறியிருக்கிறது. முதல் சந்திப்புக்கு வருமுன் ஒரே ஒரு பக்கம் எழுதி அனுப்பச் சொல்கிறேன்: உங்கள் டீமில் யாரோடு பேசுவதைத் தள்ளிப்போடுகிறீர்கள், ஏன்? தமிழோ, தங்கிலீஷோ, எதுவும் சரி. பேசும்போது சுற்றி வளைப்பவர்கள்கூட எழுதினால் மூன்றாவது வரியில் பெயருக்கு வந்துவிடுகிறார்கள். பக்கத்தின் ஓரத்தில் "எப்படி?" என்று பென்சிலால் எழுதித் திருப்பிக் கொடுப்பேன். அங்கிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறோம்.