வாரிய வீடு மறுகட்டுமானம்: நாங்கள் கடந்து வந்த வழி

வட சென்னையில் நாங்கள் இருந்த பழைய குடிசை மாற்று வாரியக் குடியிருப்பை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் பிளாக்கில் அநேகமாக எல்லோருக்கும் சாவி கிடைத்துவிட்டது. குடியிருப்போர் சங்கத்தில் காகித வேலையை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இதே வழியில் இப்போது காலெடுத்து வைக்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால் எழுதுகிறேன்.

குடிசை மாற்று வாரியம் 1970-ல் தொடங்கியது. 2021-ல் அதன் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. எழுபதுகளில் கட்டிய கட்டடங்கள் பலவற்றுக்கும் வயதாகிவிட்டது. எங்கள் மூன்றாவது மாடிப் படிக்கட்டின் அடிப்பக்கம் முழுக்கப் பூச்சு உதிர்ந்து, கம்பி துருப்பிடித்துப் பொரிந்து நின்றது. விரலால் தொட்டால் சிவப்புத் தூளாகக் கையோடு வரும். கடல் காற்றும் கழிவறைக் கசிவும் சேர்ந்தால் கான்கிரீட் எத்தனை நாள் தாங்கும்? 2021 டிசம்பர் 27-ம் தேதி திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட ஒரு பிளாக் சரிந்தது. விரிசல் விட்டதைப் பார்த்து மக்கள் முன்கூட்டியே வெளியேறிவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. அதற்கப்புறம் எங்கள் பக்கத்தில் ‘காலி பண்ண மாட்டோம்’ என்று சொன்னவர்கள்கூட இறங்கி வந்தார்கள்.

கட்டடம் தாங்காது என்று வல்லுநர் குழு சொன்னதும் கணக்கெடுப்பு தொடங்கும். முழுக் கவனமும் இருக்கவேண்டிய இடம் இதுதான். அரசு பணம் ஒதுக்குவது வீட்டுக் கணக்கில், அதுவும் ஒரு பெயரின் மேல். பிரதம மந்திரி வீட்டு வசதித் திட்டத்தில் எங்கள் வகை வீட்டுக்கு மத்திய அரசின் பங்கு ஒன்றரை லட்சம் ரூபாய். அதற்கு மேல் மாநில அரசு போடுகிறது, மீதி பயனாளியின் பங்குத் தொகை. மத்திய அரசின் பணம் ஒரே தடவையில் வராது. 40, 40, 20 சதவீதம் என மூன்று தவணையாக வரும். பெயர் சரியாக இல்லாத வீடு பட்டியலில் ஏறாது.

எங்கள் பிளாக்கில் முதன்முதலில் ஒதுக்கீடு பெற்றவர்களில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை. ஒதுக்கீடு ஆணை மாமியார் பெயரில் இருக்கும், வீட்டில் இருப்பது மருமகளாக இருக்கும். இரண்டாவது மாடி அக்கா ஒருவர், மடித்த இடமெல்லாம் கிழிந்துபோன அந்த ஆணையை பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்து வந்தார். “தம்பி, முப்பது வருஷமா இங்கதான் இருக்கேன், கரண்ட் பில்லு என் பேருலதான் வருது, போதாதா?” என்று கேட்டார். போதாது. தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டும். மற்ற வாரிசுகள் ஆட்சேபனை இல்லை என்று எழுதித் தர வேண்டும். அவருடைய நாத்தனார் வெளியூரில் இருந்தார், பழைய மனத்தாங்கல் வேறு. அவரைச் சமாதானப்படுத்திக் கையெழுத்து வாங்கியதுதான் இந்த மொத்த வேலையிலும் எனக்குப் பெரிதாகப் பட்டது. வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வீட்டை வாங்கியவர்கள் நிலைமை இன்னும் சிக்கல். அவர்கள் கணக்கெடுப்பு வரும்வரை காத்திருக்காமல் உடனே மனு கொடுப்பது நல்லது.

குடும்பத்துக்கு வேறு எங்கும் பக்கா வீடு, அதாவது உறுதியாகக் கட்டிய நிரந்தர வீடு, இருக்கக்கூடாது என்ற விதியைக் கேட்டுப் பலர் பயந்தார்கள். இங்கே குடும்பம் என்றால் கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள். ஊரில் அப்பா பெயரில் ஓட்டு வீடு இருக்கிறதே என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. வீடு பெண் பெயரிலோ கூட்டாகவோ இருக்க வேண்டும் என்பதும் இந்தத் திட்டத்தின் விதி. எங்கள் பெண்கள் பலருக்குத் தங்கள் பெயரில் வந்த முதல் சொத்து இது. எனக்கு மிகவும் பிடித்த விதியும் இதுதான்.

ஒரே வீட்டில் மூன்று குடும்பம் இருந்தாலும் கிடைக்கப்போவது ஒரு வீடுதான். கல்யாணமான பிள்ளைகள் தனியாக வேறு திட்டப்பகுதியில் விண்ணப்பிக்கலாம். எனக்கு இதில் மனம் ஆறவில்லை. இரண்டு தலைமுறை அதே மண்ணில் வாழ்ந்தவர்கள் வேறு இடம் தேட வேண்டியிருக்கிறது.

காலி செய்கிற கட்டத்துக்கு இப்போதே சேமித்து வையுங்கள். இடமாற்றத்துக்குத் தரும் கருணைத் தொகையை 8,000 ரூபாயிலிருந்து 24,000 ஆக அரசு உயர்த்தியது பெரிய உதவி. ஆனால் நம் பக்கத்தில் அட்வான்ஸ் கொடுத்து, இரண்டு மூன்று மாத வாடகையும் கொடுத்தால் அது கரைந்துவிடும். கட்டி முடிக்க வருடக் கணக்காகும். எங்களில் சிலர் நகையை அடகு வைத்தார்கள், சிலர் ஊருக்கே போய்விட்டார்கள். நாங்கள் செய்ததில் கைகொடுத்தது, நாலைந்து குடும்பமாகப் பக்கத்துப் பக்கத்துத் தெருவிலேயே வாடகைக்குப் போனது. பிள்ளைகள் பள்ளி மாறவில்லை, தகவலும் விட்டுப்போகவில்லை. காலி செய்யும்போது வீட்டு எண்ணோடு கொடுக்கும் சீட்டை நாலு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். போன் நம்பர் மாறினால் எழுத்தில் தெரிவித்து, முத்திரை போட்ட ஒப்புகை வாங்குங்கள்.

பங்குத் தொகை திட்டத்துக்குத் திட்டம் மாறும். எவ்வளவு, எப்போது, தவணை உண்டா, வங்கிக் கடன் கிடைக்குமா என்று காலி செய்வதற்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ‘தரகர் மூலம் கொடுத்தால் நல்ல தளம் கிடைக்கும்’ என்று ஒருவர் எங்களிடமும் வந்தார். ஒரு ரூபாய்கூட யாரும் கொடுக்கவில்லை. தளம் குலுக்கலில்தான் முடிவானது. முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் பட்டியலைச் சான்றிதழோடு சங்கம் முன்பே கொடுத்திருந்ததால் அவர்களுக்குத் தரைத்தளம் கிடைத்தது.

புது வீடு சுமார் 400 சதுர அடி. சமையலறைக்குத் தனிக் கதவு, உள்ளேயே கழிவறை. லிஃப்ட், மோட்டார், குப்பை எல்லாவற்றுக்கும் இனி மாதப் பராமரிப்புத் தொகை கட்ட வேண்டும். ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டத்தில் நாங்கள் வசூலிக்கும் தொகைக்கு இணையாக அரசும் தருகிறது. அதற்குப் பதிவு செய்த சங்கமும் வங்கிக் கணக்கும் வேண்டும். எங்கள் சங்கத்தில் அந்த வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது. பொருளாளராக அந்த இரண்டாவது மாடி அக்காவைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.