காலை ஓபியில் சிக்காத நோய்

மயஸ்தீனியா கிராவிஸ், அதாவது வேலை கொடுக்கக் கொடுக்கத் தசைகள் களைத்துப்போகும் நோய், என்று ரிப்போர்ட்டில் வந்த பிறகு அதே நோய் உள்ள சிலரோடு பேச வாய்ப்புக் கிடைத்தது. பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே புலம்பல்தான்: "டாக்டர் முன்னாடி உக்காரும்போது எனக்கு ஒண்ணுமே இருக்காது." எனக்கும் அப்படித்தான். தூங்கி எழுந்தால் இமை ஒழுங்காகத் திறந்திருக்கும், குரல் கணீரென்று இருக்கும். டோக்கன் வாங்கிக் காலை பத்து மணிக்கு உள்ளே போனால், "நல்லாத்தானே இருக்கீங்க" என்பார்கள். மதியச் சாப்பாட்டுக்கு மேல்தான் சுயரூபம் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் ஓபி இருக்காது.

நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. முதலில் வலது இமை சரிந்தது. அடுத்து, போர்டில் நான் எழுதிய வரியே இரண்டு வரியாகத் தெரிந்தது. ஒரு கண்ணைப் பொத்தினால் ஒன்றாகிவிடும். கடைசிப் பீரியடில் செய்யுள் வாசித்தால் நாலைந்து பாட்டுக்குள் குரல் மூக்கு வழியாகப் போகும். பிள்ளைகள் ஜலதோஷம் என்று நினைத்துக்கொண்டார்கள். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டால் பாதியில் தாடை நின்றுவிடும். உள்ளங்கையால் தாடையைத் தாங்கிப் பிடித்துத்தான் மீதியை மெல்ல முடிந்தது. கொடியில் சேலை காயப்போடுவதற்குள் கை கீழே விழும். வலி கிடையாது. மரத்துப்போவதும் கிடையாது. அதுதான் பார்க்கிறவர்களைக் குழப்பியது.

கண் டாக்டர் கண்ணாடியை மாற்றினார். தைராய்டு, சர்க்கரை, பி12 எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு இடத்தில், "டென்ஷன், நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று எழுதிக் கொடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், ரெஸ்ட் எடுத்தால் உண்மையிலேயே சரியாகும். சாயங்காலம் திரும்பவும் வரும். அத்தை தன் பங்குக்கு மிளகாய், உப்பு சுற்றிப் போட்டார்.

வழியைத் திறந்தது என் மகள் எடுத்த வீடியோ. ஒரு சாயங்காலம் ஏழு மணிவாக்கில் என்னை உட்காரவைத்து, "அம்மா, ஒண்ணுலேருந்து எண்ணுங்க" என்று சொல்லி போனில் பிடித்தாள். எண்ணிக்கொண்டே போகப் போக இமை இறங்குவதும், வார்த்தை குழைவதும் அதில் அப்படியே பதிவாகியிருந்தது. நரம்பியல் டாக்டர் அதை இரண்டு தடவை பார்த்தார். பிறகு கண் சிமிட்டாமல் மேலே ஃபேனையே பார்க்கச் சொன்னார். ஒரு நிமிடம் ஆவதற்குள் இமை கீழே வந்துவிட்டது. காலை நேரத்திலேயே! அதற்கு முன் யாரும் என்னை இப்படிக் களைப்படைய வைத்துப் பார்த்ததில்லை.

அடுத்து நர்ஸம்மா ஒரு கையுறைக்குள் ஐஸ் கட்டியைப் போட்டு முடிந்து, மூடிய இமைமேல் 2 நிமிடம் வைத்தார். எடுத்ததும் கண்ணாடியைக் காட்டினார். இமை ஏறியிருந்தது. இந்த நோய்க்கு எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான பரிசோதனை இல்லை. ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட மாட்டார்கள்.

டாக்டர் படம் போட்டு விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். நரம்பின் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற பொருள் வெளிவந்து, தசையில் உள்ள ஏற்பிகளில் போய் உட்கார்ந்தால்தான் தசை சுருங்கும். எங்களுக்கு எங்கள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்த ஏற்பிகளுக்கு எதிராக ஆன்டிபாடி தயாரித்து, அவற்றை அடைத்தும் அழித்தும் விடுகிறது. ஒரே தசையைத் திரும்பத் திரும்ப வேலை வாங்கும்போது, நுனியிலிருந்து வரும் அசிட்டைல்கோலின் யாருக்குமே கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். மற்றவர்களுக்குக் கையிருப்பு தாராளம், அதனால் தெரியாது. எங்களுக்குக் கல்யாண வீட்டுக் கடைசிப் பந்தி மாதிரி. முதல் பந்திக்கு எல்லாம் வரும், கடைசியில் உட்கார்ந்தவனுக்கு அப்பளம்கூட மிஞ்சாது. குளிர்ச்சி, அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை மெதுவாக்குகிறது. அதனால் ஐஸ் வைத்தால் இமை ஏறுகிறது, வெயிலில் போனால் இறங்குகிறது. திருநெல்வேலியில் சித்திரை மாதத்தில் இந்த அறிவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது வேறு விஷயம்.

நரம்பைத் தூண்டிப் பார்க்கும் பரிசோதனையில் முகத்திலும் தோளிலும் பட்டைகளை ஒட்டி, நொடிக்கு மூன்று தடவை சுண்டுவதுபோல் சிறு ஷாக் கொடுத்தார்கள். தசை தரும் பதில் போகப் போக 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் இந்த நோய் இருப்பதற்கான அடையாளம். எனக்குத் தோளில் நன்றாகவே குறைந்தது. ரத்தத்தில் ஆன்டிபாடியும் இருந்தது. இந்த ரத்தப் பரிசோதனையில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: உடம்பு முழுக்கப் பாதிப்பு உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குத்தான் இந்த ஆன்டிபாடி இருக்கும், கண்ணோடு மட்டும் நிற்பவர்களில் பாதிப் பேருக்குத்தான். நெகட்டிவ் வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. மஸ்க் என்ற இன்னொரு ஆன்டிபாடியையும் தேடுவார்கள்.

மருந்து என்று வந்தால் முதலில் பைரிடோஸ்டிக்மின். இதற்கு ஒரு கதை உண்டு, வகுப்பில்கூடச் சொல்லியிருக்கிறேன். 1934இல் லண்டன் கிரீனிச்சில் மேரி வாக்கர் என்ற பெண் மருத்துவர், இந்த நோய், தசைகளைச் செயலிழக்க வைக்கும் கியூராரே விஷம் ஏறியதுபோல் இருக்கிறதே என்று யோசித்து, அந்த விஷத்துக்கு மாற்றான ஃபைசோஸ்டிக்மினை ஒரு நோயாளிக்கு ஊசியாகப் போட்டார். கொஞ்ச நேரத்தில் இமை தூக்கியது. சில மணி நேரத்தில் திரும்ப விழுந்தது. இன்று நான் விழுங்கும் மாத்திரையும், அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். 60 மில்லிகிராம் மாத்திரை. அரை மணி, முக்கால் மணியில் வேலை செய்யும், மூன்று நான்கு மணி நேரம் தாங்கும். ஆகவே என் வாழ்க்கை முழுக்கக் கடிகாரம்தான். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட்டால் மெல்லவும் விழுங்கவும் தெம்பு இருக்கும். வெறும் வயிற்றில் போட்டால் வயிறு முறுக்கும், சில நாள் பேதியும் ஆகும். கூட ரெண்டு பிஸ்கட் போதும். சின்ன மெடிக்கலில் இது கிடைக்காது, எனவே கையில் எப்போதும் கூடுதலாக வைத்திருக்கிறேன்.

இந்த மாத்திரை அறிகுறியைத்தான் அடக்கும். ஆன்டிபாடியை அடக்க ஸ்டீராய்டு. அதைக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றினார்கள். தொடங்கிய முதல் சில வாரங்களில் பலவீனம் கூடலாம் என்று முன்பே சொன்னதால் பயப்படவில்லை. முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது, ராத்திரி ரெண்டு மணிக்குப் பசித்தது. ஸ்டீராய்டைக் குறைப்பதற்காக, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசத்தியோபிரின் என்ற மாத்திரையைச் சேர்த்தார்கள். அது பலன் காட்ட ஆறு மாதம், ஒரு வருஷம்கூட ஆகும். இந்தக் காத்திருப்புதான் மனசைச் சோதிப்பது. அப்போது ஆறுதல் சொல்ல வந்த எல்லோரும், "அமிதாப் பச்சனுக்கே வந்துச்சாம்" என்றார்கள். உண்மைதான், அவரே வெளியில் சொல்லியிருக்கிறார்.

நெஞ்சு சி.டி. ஸ்கேனில் தைமஸ் சுரப்பி (நெஞ்செலும்புக்குப் பின்னால் இருப்பது, எதிர்ப்புச் சக்தியோடு தொடர்புடையது) வீங்கியிருந்தது, கட்டி இல்லை. பத்துப் பதினைந்து சதவீதம் பேருக்குக் கட்டியே இருக்கும் என்பதால் இந்த ஸ்கேனை யாரும் தள்ளிப்போடக் கூடாது. கட்டி இல்லாமல் தைமஸை எடுப்பது பயன் தருமா என்ற நெடுநாள் விவாதத்துக்கு 2016இல் வெளியான ஆய்வு பதில் தந்தது: எடுத்தவர்களுக்குப் பலவீனமும் குறைந்தது, ஸ்டீராய்டு தேவையும் குறைந்தது. அதைக் காட்டித்தான் என்னைச் சம்மதிக்க வைத்தார்கள். விலாப்புறம் சின்னத் துளைகள் போட்டு எடுத்தார்கள். மயக்க மருந்து டாக்டர் முந்தின நாளே வந்து அரை மணி நேரம் விசாரித்தார். தசையைத் தளர்த்தும் மருந்துகள் எங்களிடம் வேறு மாதிரி வேலை செய்யும் என்பதால் அந்த விசாரணை அவசியம்.

அதே காரணத்துக்காகப் பர்ஸில் ஒரு அட்டை வைத்திருக்கிறேன், லேமினேட் செய்து. சிப்ரோஃப்ளாக்சசின் வகை, ஜென்டாமைசின் வகை ஆன்டிபயாடிக்குகள், பிரஷருக்குத் தரும் பீட்டா பிளாக்கர், நரம்பில் ஏற்றும் மெக்னீசியம் என்று கேட்காமல் தரக் கூடாதவை அதில் இருக்கின்றன. ஒருமுறை நீர்க்கடுப்புக்குப் போன இடத்தில் சிப்ரோஃப்ளாக்சசின்தான் எழுதினார்கள். அட்டையைக் காட்டியதும் டாக்டர் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்.

மூச்சு விஷயத்தில் மட்டும் விளையாட்டு கிடையாது. ஒரே மூச்சில் சத்தமாக எண்ணிப் பார்ப்பேன். எனக்கு வழக்கமாக 40 தாண்டும். 20க்குள் திணறினால், படுத்தால் மூச்சு முட்டினால், தண்ணீர் மூக்கில் ஏறினால், நேரே அவசரப் பிரிவுக்குப் போ என்று எனக்கு உத்தரவு. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 97 காட்டுகிறதே என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. அது கடைசியில்தான் குறையும்.

இப்போது ஸ்டீராய்டு 5 மில்லிகிராமில் நிற்கிறது. எச்.எம். மேடம் என் வகுப்புகளை முற்பகலுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். சென்னைக்கு ரயிலில்கூடப் போய் வருகிறேன். புதிதாக இந்த நோய் வந்தவர்களுக்கு ஒன்று: ரயிலில் மாத்திரைப் பையை மேல் பெர்த்தில் வைக்காதீர்கள். மாத்திரை தேவைப்படும் நேரத்தில்தான் அதை எட்டி எடுக்கக் கை தூக்க வராது.