முதல் புத்தகத்தைச் சொந்தமாகப் போடுகிறவர்களுக்கு

மெய்ப்புப் பார்க்க இன்னொருவரிடம் கொடுங்கள், தயவுசெய்து. எழுதியவர் கண்ணுக்குத் தன் ஒற்றுப்பிழை தெரியவே தெரியாது. அட்டைக்கு ஆகும் செலவில் பாதியையாவது இதற்கு ஒதுக்க வேண்டும் என்பேன்.

புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. அதற்கென்று யாராவது பெரிய தொகை கேட்டால் கொடுக்காதீர்கள்.

அமேசானின் கிண்டிலில் தமிழ் மின்னூலை நாமே ஏற்றலாம். ஆனால் இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் மின்னூலை அமேசானில் மட்டும் விற்கும் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும், இல்லையென்றால் 35தான். சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூல் இணையத்தில் வேறெங்கும் இருக்கக் கூடாது. வலைப்பூவில் தொடராக எழுதிய நாவல் என்றால் முதலில் அங்கிருந்து எடுத்துவிடுங்கள். அச்சுப் பிரதிக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

அச்சுக்கு, ஆரம்பத்தில் 50 பிரதி போதும். சென்னைப் புத்தகக் காட்சியைக் குறிவைத்தால் டிசம்பர் வரை காத்திருக்காதீர்கள், அச்சகங்களில் அப்போது நெரிசல்.

அப்புறம் விளம்பரம். அட்டைப்படத்தையே தினமும் போடுவதைவிட உள்ளேயிருந்து ஒரு நல்ல பக்கத்தைப் போடுங்கள். செலக்டில் இருந்தாலும் 10 சதவீதம் வரை மாதிரியாகப் பகிர அனுமதி உண்டு.